அலாரம் ஓய்ந்த பிறகு

31 ஆண்டுகள் காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்தவன் நான். பணி ஓய்வு பெற்ற மறுநாள், அலாரத்தை முந்தைய இரவே நிறுத்தியிருந்தும், அதே ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. இனி எழ வேண்டிய அவசரம் எதுவும் இல்லை என்று தெரிந்திருந்தும், கை இருட்டில் கடிகாரத்தைத் துழாவியது.

அந்த ஒழுங்கு இரண்டே மாதங்களில் குலைந்துபோனது. விழிப்பு வந்தாலும் எழாமல் ஏழரை மணி வரை புரண்டு கிடந்தேன். மதியம் சாப்பிட்டதும் ஒன்றரை மணி நேரம் உறங்கினேன். இரவில் வேறு வேலை இல்லாததால் ஒன்பதுக்கே படுத்து, இரண்டு மணிக்கு விழித்து, விடியும்வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

வயதுக்கும் இதில் பங்குண்டு. ஆண்டுகள் கூடக்கூட ஆழ்ந்த உறக்கம் குறைகிறது, மாலையிலேயே கண் அசத்துகிறது. ஆனால் பணி ஓய்வு தானாக உறக்கத்தைக் கெடுப்பதில்லை. பிரான்சில் மின்சார, எரிவாயு நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்ற 14,714 பேரை, ஓய்வுக்கு முந்தைய ஏழு ஆண்டுகளும் பிந்தைய ஏழு ஆண்டுகளும் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், உறக்கக் கோளாறு ஓய்வுக்குப் பின் குறைந்தே இருந்தது. மன நெருக்கடி மிகுந்த வேலையில் இருந்தவர்களுக்கும் இரவுப் பணி பார்த்தவர்களுக்கும் நிம்மதி கூடுதலாகக் கிடைத்தது; உடல்நலக் குறைவால் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் கோளாறு அதிகரித்தது.

அப்படியானால் என் உறக்கம் ஏன் கெட்டது? நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போய் உறக்கத்தை வரவழைக்கிறது. நீண்ட மதியத் தூக்கம் அந்தச் சேமிப்பைக் கரைத்துவிடுவதால், இரவுக்கு மிச்சம் இருப்பதில்லை. நம் உடலின் கடிகாரமோ பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீண்ட சுற்றுடையது என்பதால், நாள்தோறும் காலை வெளிச்சம் பட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேலைக்குக் கிளம்பி வெளியே நடந்த அந்தச் சில நிமிடங்கள் எனக்குத் தெரியாமலேயே இத்தனை ஆண்டுகளாக அந்தத் திருத்தத்தைச் செய்து வந்திருக்கின்றன. திரைச்சீலை மூடிய அறையில் ஏழரை மணி வரை படுத்துக் கிடந்தவனுக்கு அது கிடைக்கவில்லை.

அதனால் எழும் நேரத்தை மட்டும் ஆறு மணி என்று உறுதியாகப் பிடித்துக்கொண்டேன். படுக்கும் நேரத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. கண் சொருகினால்தான் படுக்கைக்குப் போகிறேன். காலையில் அரை மணி நேரம் வெளியே நடக்கிறேன். மதியத் தூக்கத்தை மூன்று மணிக்கு முன்பாக 20 நிமிடத்தோடு முடித்துக்கொள்கிறேன். இதுதான் மிகவும் கடினமாக இருந்தது. பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சுத் திணறலும் உள்ளவர்கள் இதையெல்லாம் முயன்று காலம் கடத்தாமல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

இப்போதும் சில இரவுகளில் விழிப்பு வருகிறது. மணி என்ன என்று பார்ப்பதில்லை. கடிகாரத்தைத் தலைமாட்டிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.