ஒரு நாழிகை போதும்னு சொன்ன மலை: அம்மாவோட சோளிங்கர் போன கதை

அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்லி நாலு வருஷம் ஆச்சு. அதுலருந்து அவங்க சோளிங்கர் நரசிம்மர் மலைக்கோயில் பேச்சையே எடுக்கறதில்ல. திருவள்ளூர் போலாமா, பார்த்தசாரதி கோயிலுக்கு கூட்டிட்டு போறியான்னெல்லாம் கேப்பாங்க, ஆனா சோளிங்கர் மட்டும் கேக்க மாட்டாங்க. 1305 படி, இனிமே அதை நெனச்சு என்ன ஆகப்போகுதுன்னு மனசுக்குள்ளயே பூட்டி வெச்சுட்டாங்கன்னு எனக்கு தெரியும். 1987 கார்த்திகைல ஒரு ஞாயித்துக்கிழமை, ஒன்றரை வயசு குழந்தையா இருந்த என்னை இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு அந்தப் படி அத்தனையும் ஏறுனவங்க அவங்க. எனக்கு விடாம ஜுரம் வந்துட்டே இருந்துச்சாம், நரசிம்மர்கிட்ட கொண்டு போய் போட்டா சரியாயிடும்னு பாட்டி சொன்னாங்களாம், அதான் போனது. அப்பா தூக்கிக்கறேன்னு கேட்டும் தரலையாம், வேண்டிக்கிட்டது நான்தானேன்னு சொல்லி அவங்களே தூக்கிட்டு போயிருக்காங்க.

இடையில ஒரு தடவை டோலில போலாம்மான்னு கேட்டேன். "நாலு பேரு தோள்ல குந்திக்கிட்டு எப்பிடிடீ சாமிய பாப்பேன், அவங்களுக்கு வலிக்காதா"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க. அப்புறம் 2024 மார்ச்ல ரோப் கார் விட்டாங்கன்னு நியூஸ்ல பாத்ததும் முதல்ல எனக்கு அம்மா மொகம்தான் ஞாபகம் வந்துச்சு.

எங்க வீட்ல கார் கிடையாது, பஸ் மாறி மாறி அம்மாவை கூட்டிட்டு போறது கஷ்டம், அதனால சென்னைலருந்து கைடோட ஒரு நாள் டூர் போற வேன்ல ரெண்டு சீட்டு போட்டேன். மனசு அரைகுறையாதான் இருந்துச்சு, ஏன்னா ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு டூர்ல போய் பட்டது அப்படி. ஒரே நாள்ல ஏழு கோயில், எறங்கு ஏறு எறங்கு ஏறுன்னு விரட்டி, அம்மா பிரகாரம் சுத்தி முடிக்கறதுக்குள்ள வேன்காரர் ஹாரன் அடிச்சு, பாதி சுத்துலயே அவங்க திரும்பி வந்தாங்க, அன்னிக்கு ராத்திரி படுக்கும்போது அழுதாங்க, அதை என்னால மறக்கவே முடியல. அதனால இந்த தடவை புக் பண்ணும்போதே கேட்டேன், எத்தனை கோயில்னு. காலைல சோளிங்கர்ல நரசிம்மர் இருக்கற பெரிய மலை, அப்புறம் ஆஞ்சநேயர் இருக்கற சின்ன மலை, சாயந்திரம் நேரம் இருந்தா திருத்தணி, அவ்ளோதான்னு சொன்னாங்க. சரின்னு பணம் கட்டுனேன்.

மாசி மாசம், காலைல அஞ்சரைக்கு கோயம்பேட்ல ஏறுனோம். கைடா வந்தவர் ரிட்டயர்டு வாத்தியார், நெத்தில பளிச்னு திருமண், கைல ஒரு துணிப்பை, எல்லாரும் சார் சார்னுதான் கூப்பிட்டோம். பூந்தமல்லி தாண்டுனதும் எழுந்து நின்னு பேச ஆரம்பிச்சார். அம்மா அவரை பாத்து முதல் கேள்வியே, "சார், மேல எவ்ளோ நேரம் குடுப்பீங்க?"ன்னு கேட்டாங்க. பழைய காயம் இல்லையா.

அவர் சிரிச்சுட்டு சொன்னதை எனக்கு ஞாபகம் இருக்கற வரைக்கும் அப்படியே எழுதறேன். "அம்மா, இந்த ஊருக்கு ஆழ்வார் காலத்துலருந்தே கடிகைன்னு பேரு, திருக்கடிகை. கடிகைன்னா ஒரு நாழிகை, 24 நிமிஷம். இங்க வந்து ஒரு நாழிகை இருந்தாலே போதும், மோட்சம்னு பெரியவங்க சொல்லி வெச்சிருக்காங்க. விசுவாமித்திரர் எத்தனை வருஷம் தவம் பண்ணியும் வசிஷ்டர் வாயால பிரம்மரிஷின்னு பேர் வாங்க முடியல, இங்க வந்து ஒரு நாழிகை நரசிம்மரை நெனச்சு உக்காந்தாரு, பட்டம் கெடைச்சுதுன்னு ஸ்தல புராணம். அதனால நான் என்ன பண்ணுவேன்னா, தரிசனம் முடிஞ்சதும் உங்க எல்லாரையும் மேல ஒரு எடத்துல உக்கார வெச்சு 24 நிமிஷம் குடுப்பேன். அந்த நேரத்துல நானும் பேச மாட்டேன், நீங்களும் பேசக்கூடாது, போன் எடுக்கக்கூடாது. அதுக்கு மேல உங்களுக்கு வேணும்னா கேளுங்க, தரேன்." வேன்ல இருந்த பதினெட்டு பேரும் சத்தமே இல்லாம கேட்டுட்டு இருந்தோம். அம்மா என் கையை புடிச்சு ஒரு அழுத்து அழுத்துனாங்க.

வழில டிபன் சாப்பிட்டு கொண்டபாளையம் போய் சேர்ந்தோம், அதுதான் பெரிய மலை அடிவாரம். சென்னைலருந்து 100 கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல, இப்போ ராணிப்பேட்டை மாவட்டத்துல வருது. எறங்குன ஒடனே தெரியறது மலை இல்ல, குரங்குதான். போறவங்க கண்டிப்பா ஞாபகம் வெச்சுக்கோங்க, கைல கவர் எதுவும் தொங்க விடாதீங்க. படி ஏறி போறவங்க குச்சி வாங்கிட்டுதான் போறாங்க, அங்கயே விக்கறாங்க. நான் துளசி மாலையும் வாழப்பழமும் ஒரு மஞ்ச கவர்ல வாங்கி அம்மா கைல குடுத்து நாலடி கூட நடக்கல, ஒரு பெரிய குரங்கு வந்து கவரோட அடிப்பக்கத்தை ரெண்டு கையாலயும் புடிச்சு இழுக்குது, அம்மா பயந்து விட்டுட்டாங்க. அது ஓடக்கூட இல்ல, எங்க கண்ணு முன்னாடியே செவுத்துல ஏறி உக்காந்து கவரை பல்லால கிழிச்சு, பழத்தை ஒவ்வொண்ணா எடுத்து தோல உரிச்சு சாப்பிட்டுச்சு, துளசி மாலையை மட்டும் மோந்து பாத்துட்டு செவுத்து மேலயே வெச்சிருச்சு. பூக்காரம்மா எட்டி அந்த மாலையை எடுத்து, "இது எச்சில் ஆயிடுச்சு, வேற தரேன்"னு சொல்லி காசு வாங்காம புது மாலை குடுத்தாங்க. அம்மா எவ்ளோ சொல்லியும் வாங்கல. "அனுமாருக்கு குடுத்த பழம்னு நெனச்சுக்கோங்கம்மா"ன்னு சொன்னாங்க. வீட்லருந்து கொண்டு வந்த கல்கண்டு டப்பா என் பைக்குள்ள இருந்ததால தப்பிச்சுது.

ரோப் கார்ல ஏறுனதும் அம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க, பயம்னு நெனச்சேன். இல்ல, பக்கத்துல காது குடுத்து கேட்டா கோவிந்தா கோவிந்தான்னு சொல்லிட்டு இருக்காங்க, படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் சொல்லுவாங்களாம், இப்போ படி இல்லையே, அதனால எண்ணிக்கை கொறையக் கூடாதுன்னு வேக வேகமா சொல்றாங்க. கீழ படிக்கட்டோட கூரை பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போறது தெரிஞ்சுது, நான் அதைத்தான் பாத்துட்டு இருந்தேன், அந்த வெயில் காலத்துலயும் யாராரோ குழந்தைய தூக்கிட்டு ஏறிட்டு இருந்தாங்க. அந்தப் படிலதான் ஒரு நாள் என்னையும் தூக்கிட்டு போயிருக்காங்க. சில நிமிஷத்துல மேல வந்துட்டோம். எறங்குனதும் கொஞ்சம் படி இருக்கு, அம்மா என் தோளை புடிச்சுக்கிட்டு நின்னு நின்னு ஏறிட்டாங்க.

உள்ள நரசிம்மர் யோகத்துல உக்காந்திருக்கார். பிரகலாதனுக்கு காட்டுன ரூபத்தை நாங்களும் பாக்கணும்னு சப்த ரிஷிகள் தவம் இருந்து கேட்டதுக்காக இங்க வந்து உக்காந்தவர்னு சொல்றாங்க. வருஷத்துல பதினோரு மாசம் கண்ணை மூடி யோகத்துல இருப்பார், கார்த்திகைல மட்டும் கண்ணை தொறந்து பாப்பார்ங்கறது நம்பிக்கை, அதான் கார்த்திகைல அவ்ளோ கூட்டம். நாங்க போனது மாசி. தீபாராதனை காட்டும்போது அந்த மொகத்தை பாத்தேன், உக்கிரம் கொஞ்சம் கூட இல்ல, அவ்ளோ அமைதி. அம்மா கை கூப்பிக்கிட்டு நின்னாங்களே தவிர எதுவும் கேட்ட மாதிரி தெரியல, உதடு கூட அசையல. அப்புறம் என்னை முன்னாடி இழுத்து, என் தலைல கை வெச்சு, "இவதான், அப்போ தூக்கிட்டு வந்தேனே"ன்னு சொன்னாங்க. முப்பத்தி எட்டு வயசு ஆகுது எனக்கு. பக்கத்துல நின்ன அம்மா ஒருத்தங்க கண்ணை தொடைச்சுக்கிட்டாங்க, எனக்கு தொண்டை அடைச்சுது.

அமிர்தவல்லி தாயாரையும் சேவிச்சுட்டு வெளிய வந்ததும் சார் சொன்ன மாதிரியே எங்களை உக்கார வெச்சார். முதல் அஞ்சு நிமிஷம் மனசு எங்கெங்கயோ ஓடுது, ஆபீஸ், கேஸ் புக் பண்ணலையே, பையன் ஸ்கூல்ல சாப்பிட்டானான்னு. அப்புறம் காத்து சத்தம், தூரத்துல எங்கயோ ஒரு டிராக்டர் சத்தம், கீழ ஏரியும் வயலும் சின்ன சின்னதா, எதிர்ல சின்ன மலை, அதுக்கு மேல ஆஞ்சநேயர் கோயில். எப்போ அந்த 24 நிமிஷம் முடிஞ்சுதுன்னே தெரியல. சார் மெதுவா, "ஒரு நாழிகை ஆச்சு"ன்னார். யாருமே எழுந்திரிக்கல. அவரும் அவசரப்படுத்தல, இன்னும் பத்து நிமிஷம் விட்டார். ஏழு கோயில் ஓடுன அன்னிக்கு கெடைக்காதது இந்த ஒரு நாழிகைல அம்மாவுக்கு கெடைச்சுது, இதை யார் கேட்டாலும் சொல்லுவேன்.

கல்கண்டு விநியோகம் பண்ணும்போது சார் ஒரு விஷயம் சொன்னார். திருமங்கையாழ்வார் இந்தப் பெருமாளை அக்காரக்கனின்னு பாடியிருக்கார். அக்காரம்னா சர்க்கரை. சர்க்கரையையே வெதையா போட்டு மரமாக்கி அதுல ஒரு பழம் பழுத்தா எப்படி இனிக்கும், அப்படின்னு அர்த்தம் சொல்லுவாங்களாம். சிங்க மொகத்தை பாத்துட்டு ஒருத்தருக்கு இனிப்பு ஞாபகம் வந்திருக்கு பாருங்க. அம்மா அதுலருந்து கல்கண்டை வாயில போட்டுட்டு கடிக்கவே இல்ல, கரையற வரைக்கும் வெச்சிருந்தாங்க.

சின்ன மலைக்கு 406 படி, அங்க ரோப் கார் இல்ல. அம்மாவும் இன்னும் மூணு பெரியவங்களும் அடிவாரத்துல தக்கான் குளத்துக்கிட்ட உக்காந்துக்கறேன்னுட்டாங்க, சார் அவங்களுக்கு தொணையா இருந்தார். எனக்கு விட்டுட்டு போக மனசில்ல, அம்மாதான் "எனக்கும் சேத்து நீ பாத்துட்டு வா"ன்னு தள்ளி அனுப்புனாங்க. மேல யோக ஆஞ்சநேயர், நாலு கை, அதுல சங்கும் சக்கரமும் இருக்கு, வேற எங்கயும் நான் இப்படி பாத்ததில்ல. ரிஷிகளோட தவத்தை கெடுத்த அசுரர்களை அடக்கறதுக்காக பெருமாளே குடுத்ததாம். ஜெபமாலையோட உக்காந்து எதிர் மலைல இருக்கற நரசிம்மரையே பாத்துட்டு இருக்கார். குளத்துல முழுகிட்டு ஈரத்துணியோட ஏறி வர்றவங்க நெறைய பேர், மனசு சரியில்லாதவங்களை கூட்டிட்டு வந்து நாள் கணக்கா தங்கி தெனமும் ஏறுற குடும்பங்களும் இருக்காங்க. ஒரு அண்ணன் தன் தம்பி கையை தன் கையோட துண்டால கட்டிக்கிட்டு ஒவ்வொரு படியா ஏத்திட்டு வந்தார், நாலு படிக்கு ஒரு தடவை "இன்னும் கொஞ்சம்தான்டா ராஜா"ன்னு சொல்லிட்டே. அந்தத் தம்பிக்காகவும் ஆஞ்சநேயர்கிட்ட வேண்டிக்கிட்டேன்.

எறங்கி வந்தா அம்மா மொகம் வேற மாதிரி இருக்கு. மேல வரமுடியலையேன்னு வருத்தமா இருப்பாங்கன்னு நெனச்சு வந்தேன், ஆனா அவங்க குளத்து படிக்கட்டுல கால் நனைச்சுக்கிட்டு, "இங்க உக்காரு, ஒரு கதை சொல்றேன்"னாங்க. நான் மேல போயிருந்த நேரத்துல சார் அவங்களுக்கு சொன்ன கதை.

தொட்டையாச்சாரியார்னு ஒரு மகான் இந்த ஊர்ல இருந்தாராம். வருஷா வருஷம் வைகாசில காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு போயிடுவாராம். ஒரு வருஷம் ஒடம்பு முடியல, போக முடியல. இதே தக்கான் குளக்கரைல நின்னு, இந்நேரம் பெருமாள் கோபுர வாசலுக்கு வந்திருப்பாரே, நான் பாக்க முடியலையேன்னு அழுது அஞ்சு சுலோகம் பாடியிருக்கார். வரதர் கருடன் மேல இங்கயே வந்து காட்சி குடுத்துட்டாராம். அதனால இன்னிக்கும் காஞ்சிபுரத்துல கருட சேவை அன்னிக்கு கோபுர வாசல்ல ஒரு நிமிஷம் பெருமாளை குடையால மறைக்கறாங்க. அந்த நிமிஷம் அவர் அங்க இல்ல, சோளிங்கருக்கு தொட்டையாச்சாரியாரை பாக்க போயிருக்கார்னு அர்த்தம்.

அம்மா இதை சொல்லி முடிச்சுட்டு, "அவராலயும் போக முடியல, இங்கதான் இருந்தாரு"ன்னு அந்தப் படிக்கட்டை கையால தடவுனாங்க. நாலு வருஷமா அவங்க மனசுல கெடந்தது அந்த ஒரு நிமிஷத்துல எறங்குன மாதிரி இருந்துச்சு எனக்கு. நான் எதுவும் பேசல, அவங்க பக்கத்துல தண்ணில காலை விட்டு உக்காந்துக்கிட்டேன்.

சாயந்திரம் திருத்தணிக்கும் போனோம், மேல வரைக்கும் வேன் போச்சு, முருகனை நல்லா பாத்தோம், அதை இன்னொரு நாள் எழுதறேன். ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மா செருப்பை கழட்டுறதுக்கு முன்னாடியே சொவத்துல மாட்டியிருந்த காலண்டர்கிட்ட போய் தாளை ஒவ்வொண்ணா தூக்கி தூக்கி பாத்தாங்க. என்னம்மா தேடறீங்கன்னு கேட்டேன்.

"வைகாசி கருட சேவை என்னிக்கு வருதுன்னு பாரு. அந்த குடை மறைக்கறத பாக்கணும்"னாங்க.