17 பாட்டு, அப்புறம் மௌனம்

ஃபிரெஞ்சு இசையமைப்பாளர் ஆன்ரி துபார்க் எழுதியதில் மிஞ்சிய பாட்டுகள் மொத்தம் 17தான். ஒரு சாயங்காலத்தில் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிடலாம். ஆனாலும் ஃபிரெஞ்சுக் கலைப்பாடல், அதாவது கவிதைக்கு மெட்டமைத்து ஒரு குரலும் பியானோவுமாகப் பாடுவது, என்று பேச்செடுத்தால் இவரைத் தாண்டிப் போக முடியாது, தெபுஸ்ஸியையும் ராவெலையும் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவது அதனால்தான்.

1848இல் பாரிஸில் பிறந்தவர், சட்டம் படித்தவர், இசையில் குரு சேசார் ஃப்ராங்க். 1885இல், 37 வயதில், பேனாவை வைத்துவிட்டார். நரம்புத் தளர்ச்சி என்றார்கள். பிறகு மெல்ல மெல்லப் பார்வையும் போனது. இறந்தது 1933இல்! இடையில் 48 வருடங்கள், புதிதாக எழுதியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. எழுதியிருந்ததையும் கிழித்துப் போட்டார். புஷ்கினின் கதையை வைத்து அவர் செய்துகொண்டிருந்த 'ருசால்கா' ஓபராவும் அப்படிப் போனதுதான்.

நோய்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் வெட்டித் தள்ளும் குணம் ஆரம்பத்திலிருந்தே அவரிடம் இருந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. 1870இல் எழுதிய 'லான்விதாசியோன் ஓ வோயாஜ்' (பயணத்துக்கு அழைப்பு) பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பொதலேரின் கவிதையில் மூன்று பத்திகள், துபார்க் நடுப்பத்தியை அப்படியே விட்டுவிட்டார். பியானோ அலையலையாய் அசைந்துகொண்டே இருக்கும், குரல் அதன் மேல் நீளமாக மிதந்து போகும், பல்லவி வந்ததும் அந்த அசைவு சட்டென்று அடங்கி, பாடுபவர் ஏறக்குறைய ஒரே சுரத்தில் நின்று தாழ்ந்த குரலில் வரிகளைச் சொல்வார். பெரிய இசை எதுவும் நடக்காத இடம் அது, ஆனால் மொத்தப் பாட்டும் அதில்தான் நிற்கிறது. 22 வயதுப் பையனுக்கு அங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்திருக்கிறதே!

அடுத்து 'ஃபிதிலே' கேளுங்கள். மதிய வெயிலில் புல்லில் தூங்கும் பெண்ணுக்கான பாட்டு, சோம்பலாய்த் தொடங்கிக் கடைசியில் கொதித்து எழும். சில பாட்டுகளுக்கு அவரே ஆர்கெஸ்ட்ரா வடிவமும் எழுதியிருக்கிறார், சோப்ரானோக்களுக்கு, அதாவது உச்சக் குரலில் பாடும் பெண்களுக்கு, அதில் ஆசை அதிகம். எனக்குப் பியானோவோடு கேட்பதுதான் பிடிக்கும், வார்த்தைகள் மூழ்குவதில்லை.

'லெனோர்' என்று ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒரு படைப்பும் உண்டு. அதைக் கேட்காவிட்டால் பெரிய நஷ்டமில்லை.