முத்திரைக்கல்லும் வீட்டு ஜெபமும்

தூத்துக்குடி மாவட்டத்தில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளராக நெடுங்காலம் பணியாற்றினேன். கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரையிடுவதும், பெட்ரோல் பங்க்குகளில் 5 லிட்டர் அளவுக் கலத்தில் எரிபொருளைப் பிடித்துக் குறைகிறதா என்று பார்ப்பதும் என் வேலை. இரும்பு எடைக்கல்லின் குழியில் நிரப்பிய ஈயத்தின்மேல்தான் முத்திரை குத்துவோம். கல் தேய்ந்திருந்தால் முத்திரை கிடையாது. அங்கேதான் பேரம் பேச ஆள் வரும்.

“கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது” என்ற நீதிமொழிகள் 11:1 வசனத்தை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். என் பிள்ளைகளும் இரவு ஜெபத்தில் அதை ஒப்பித்தார்கள். ஆனால் அதன் பொருளை அவர்கள் கற்றது எங்கள் வீட்டு வாசலில் என்றே நினைக்கிறேன். கிறிஸ்துமஸ் நெருங்கினால், நான் அலுவலகத்தில் இருக்கும் நேரம் பார்த்து அரிசி மூட்டையும் அல்வாப் பெட்டியும் வந்து இறங்கும். ஆகவே மறுக்கும் பாரம் என் மனைவிமேல் விழுந்தது. ஒருநாள் அவள் பேச வாயெடுக்குமுன், ஆரம்பப் பள்ளியில் படித்த என் மகள், “எங்க அப்பா வாங்கமாட்டாங்க, எடுத்துட்டுப் போங்கண்ணே” என்று கடைப் பையனிடம் சொல்லிவிட்டாளாம். நான் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

மகனுக்கு அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. பிழைக்கத் தெரியாதவர் என்று உறவினர் என்னைப் பேசியது அவன் காதிலும் விழுந்திருந்தது. “ஒரு அல்வாப் பெட்டி லஞ்சமாப்பா?” என்று கேட்டான். அடுத்த மாதம் அதை அனுப்பிய கடைக்காரரின் தராசைச் சோதிக்கும்போது குறை இருந்தால் அதை எழுத என் கை தயங்குமே என்றேன். அவன் அன்று சமாதானமடையவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. “வழியில் நடக்கிறபோதும்” பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்கிறது உபாகமம் 6:7. அப்படியானால் தகப்பனின் அலுவலக நேரமும் அந்தப் போதனைக்குள் அடங்கியதுதான். கோப்பில் ஒரு முகமும் ஜெபத்தில் ஒரு முகமுமாக இருப்பவன் எத்தனை கீர்த்தனை பாடினாலும் பிள்ளைகள் அதை நம்பமாட்டார்கள்.

நான் வழக்குப் பதிந்த கடைக்காரர்களுக்காக இரவு ஜெபத்தில் வேண்டிக்கொள்ளும் வழக்கத்தைத் தொடங்கியவள் என் மனைவி. அவர்கள் பிழைப்பு கெடாமல், அளவு சரியாகி, கடை தழைக்கவேண்டும் என்று அவள் மனமுருகி ஜெபிப்பாள். சில மாதங்களில் மகனும் தன் முறை வந்தபோது அதே வேண்டுதலைச் சொல்லத் தொடங்கினான்.