92 என்று எழுதிய வீடு

2023 அக்டோபரில், தென்காசிப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே நான் 92 என்று குறித்தேன். அந்த எண் தவறு. அதைத் திருத்த எனக்கு வாய்ப்பு இருந்தது, நான் திருத்தவில்லை. வேலையின்மை விகிதத்தைப் பற்றித் தொலைக்காட்சியில் யார் பேசினாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வீட்டு வாசல்தான்.

காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் நான் கள ஆய்வாளராக வேலை செய்தேன். நாட்டில் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது, எத்தனை பேர் வேலை தேடுகிறார்கள் என்று செய்தித்தாளில் வரும் எண்கள் 2017 முதல் இந்தக் கணக்கெடுப்பிலிருந்து வருகின்றன. தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்துகிறது. அதற்கு முன்பு 1972-73 தொடங்கி ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒரு முறைதான் இப்படிக் கேட்டார்கள். நாங்கள் வீடு வீடாகப் போய்க் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் போட வேண்டும். சொந்தத் தொழில் செய்பவருக்கு 11. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் ஒத்தாசை செய்பவருக்கு 21. மாதச் சம்பளக்காரருக்கு 31. கூலி வேலைக்கு 51. வேலை தேடுபவருக்கு 81. படிப்பவருக்கு 91. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவருக்கு 92.

அந்த ஊரில் அன்று அது ஐந்தாவது வீடு. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். “என்ன வேலை பார்க்கிறீர்கள் அக்கா?” என்றேன். “வேலை ஒன்றும் இல்லை தாயி, வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்” என்றார். மகளிர் உரிமைத் தொகை வரத் தொடங்கி ஒரு மாதம்கூட நிறையவில்லை. வருமானம் இருக்கிறது என்று சொன்னால் ஆயிரம் ரூபாய் நின்றுவிடுமோ என்ற பயம் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இருந்தது. நாங்கள் கேட்பதற்கும் அந்தத் தொகைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, சொல்வது வெளியே போகாது என்று விளக்கினேன். தலையை ஆட்டினார். வீட்டு வேலை மட்டும்தானா என்று மறுபடி கேட்டேன். ஆமாம் என்றார். 92.

வெளியே வந்து செருப்பைப் போடும்போது முற்றத்து ஓரத்தில் கூட்டிக் குவித்திருந்த குப்பையைப் பார்த்தேன். பீடி இலையின் விளிம்புத் துணுக்குகள். கதவுக்குப் பின்னால், பீடி சுற்ற மடியில் வைக்கும் சுளகு சுவரோடு சாய்ந்திருந்தது; அதன் ஓரம் தெரிந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் கையில் புகையிலைத் தூளின் காரம் இருந்தது. அவர் கொடுத்த தண்ணீர்ச் செம்பிலிருந்து ஒட்டியது. மறுநாள் வேறு ஊர். திரும்பிப் போயிருக்கலாம். அவரே இல்லை என்றுதானே சொன்னார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அது எவ்வளவு பெரிய தவறு என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியாவில் ஏறக்குறைய 25 கோடிக் குடும்பங்கள் இருந்தன. காலமுறைக் கணக்கெடுப்பின் முதல் ஆண்டான 2017-18இல் கேட்ட குடும்பங்கள் 1,02,113. வகுத்துப் பாருங்கள்: நாங்கள் ஏறும் ஒவ்வொரு திண்ணையும் சராசரியாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட திண்ணைகளுக்குப் பதிலாக நிற்கிறது. ஊருக்கு ஊர் இந்த எடை மாறும். ஆனாலும் நான் ஒரு பீடி சுற்றும் பெண்ணை அழிக்கவில்லை, ஓர் ஊர் நிறையப் பெண்களை அழித்துவிட்டேன்.

“ஏன் என் வீட்டை மட்டும் எடுத்தீர்கள்?” என்று கேட்காத குடும்பம் இல்லை. எதிர் வீட்டாருக்கோ “என் வீட்டுக்கு ஏன் வரவில்லை?” என்ற கோபம், ஏதோ கடன் வரப்போகிறது என்ற நினைப்பில். உண்மையில் இதில் எங்கள் கை எதுவும் இல்லை. எந்த ஊர், நகரமென்றால் எந்தப் பிளாக், என்பது முன்பே குலுக்கல் முறையில் முடிவாகி வரும். ஊர் பெரிதாக இருந்தால் அதைத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்வோம். பிறகு அந்தத் துண்டில் உள்ள எல்லா வீடுகளையும் பட்டியல் போட வேண்டும், பூட்டிய வீடு உட்பட. கோயில் மேடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இதற்குப் பெரிய உதவி; எந்த வீட்டில் யார் இருக்கிறார், யார் திருப்பூருக்குப் போய்விட்டார் என்று விரல் மடக்கிச் சொல்வார்கள். 2024 வரை, குடும்பத்தில் பத்தாம் வகுப்போ அதற்கு மேலோ முடித்தவர்கள் எத்தனை பேர் என்பதை வைத்து வீடுகளைப் பிரிவுகளாக்கி, எல்லாப் பிரிவிலிருந்தும் சேர்த்து எட்டு வீடுகளை எடுத்தோம். படித்த பிள்ளைக்குத்தான் வேலை தேடிக் காத்திருக்கும் காலம் நீளம். படிக்காதவர் கிடைத்த கூலிக்குப் போய்விடுவார். ஒரே வகை வீடாக வந்து விழுந்தால் விகிதம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

தேர்வான வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டைக் கேட்டுவிட்டு வரலாமே என்று என் தம்பிகூடச் சொன்னான். கூடாது. பகல் பதினோரு மணிக்கு ஒரு வீடு ஏன் பூட்டியிருக்கிறது? வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போயிருப்பதால். திறந்திருக்கும் வீட்டில் யார் இருப்பார்கள்? வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், வேலை கிடைக்காதவர்கள். திறந்த கதவாகப் பார்த்து நுழைந்துகொண்டே போனால், நாடு முழுக்க வேலையில்லாமல் இருப்பதாகக் கணக்கு வரும். அதனால்தான் இரவு எட்டு மணிக்கும் விடியற்காலையிலும் போய் நின்றிருக்கிறேன். பல முறை போயும் ஆள் இல்லை என்றால் மட்டுமே, விதிப்படி அதே பிரிவிலிருந்து வேறொரு வீடு. இதைப் பொறுமையாகச் செய்த சக ஆய்வாளர்கள்மேல் எனக்கு இன்றும் மரியாதை இருக்கிறது. அவர்கள் பெயர் எந்த அறிக்கையிலும் வராது.

2025 ஜனவரியில் முறை மாறியது. எட்டு வீடுகள் பன்னிரண்டாயின. நாடு முழுவதும் 22,692 ஊர்களும் நகரப் பகுதிகளும், 2,72,304 குடும்பங்களும். அதைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது வேறு. அதுவரை நகரத்துக் குடும்பங்களைத்தான் மறுபடி மறுபடி போய்ப் பார்த்தோம். கிராமத்து வீட்டுக்கு ஒரே ஒரு முறை போவதோடு சரி. இனிக் கிராமத்திலும் ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்து நான்கு மாதங்கள் போக வேண்டும் என்றார்கள். வேலைப்பளு கூடும் என்று பலர் முணுமுணுத்தார்கள். நான் மனதுக்குள் மகிழ்ந்தேன். 2023இல் இந்த ஏற்பாடு இருந்திருந்தால் அந்த அக்காவின் சுளகு இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்திருக்கும்.

அப்படி நான்கு மாதம் போன ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன். அடையாளம் தெரியாதபடி ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆள் அடையாளம் வெளியே வரக் கூடாது என்று 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டமே சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

தந்தை கொத்தனாருக்குக் கையாள். தாய் பீடி சுற்றுகிறார். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு.

இம்முறை நான் “என்ன வேலை?” என்று தொடங்கவில்லை. தமிழில் ‘வேலை’ என்ற சொல்லுக்கு வாசலைத் தாண்டிப் போவது என்று ஒரு பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குள் உட்கார்ந்து செய்வதை யாரும் அந்தச் சொல்லால் அழைப்பதில்லை. “இந்தத் தெருவில் யார் யார் பீடிக் கடையில் பாஸ் புத்தகம் வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்டேன். “எல்லாரும்தான்” என்று சிரித்தார் அந்த அம்மா. சுளகு மடிக்கு வந்துவிட்டது. பேச்சு நடக்க நடக்கக் கையும் நடந்தது: வெட்டிய இலையில் தூளைப் பரப்பி, உருட்டி, நுனியை மடித்து, நூல் சுற்றி, அறுத்து, போட்டுவிட்டு அடுத்த இலை. ஒரு முறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

அவருக்கு 11. சொந்தத் தொழில். இதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் விதி அதுதான். இலையும் தூளும் கடை கொடுக்கிறது, அளவு கடை சொல்கிறது, சரியில்லாத பீடியைக் கழிப்பதும் கடை. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்றே ஏற்றது. கணக்கெடுப்பிலோ, எப்போது, எவ்வளவு நேரம் உட்கார்வது என்பதை அவரே முடிவு செய்கிறார் என்பதால் வீட்டிலிருந்து துண்டுக் கூலிக்குச் செய்பவர்கள் சுயதொழில் செய்வோருக்குள் போகிறார்கள். ‘சுயதொழில் பெருகுகிறது’ என்ற தலைப்பைப் படிக்கும்போது கடை முதலாளிகளை நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்த அம்மாவும் அதற்குள் இருக்கிறார்.

கணக்கெடுப்பு ஒரே ஆளை இரண்டு கண்ணாடி வழியாகப் பார்க்கிறது. ஒன்று, கடந்த 365 நாள். இன்னொன்று, கடந்த ஏழு நாள். 1970இல் பொருளாதார அறிஞர் தாந்த்வாலா தலைமையிலான குழு, நம்மைப் போன்ற நாட்டில் வேலையின்மையை ஒரே எண்ணில் அடக்க முடியாது என்று சொன்னதிலிருந்து வந்த பழக்கம் இது. அந்த வீட்டு மகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக் கணக்கில் அவள் முதன்மையாக மாணவி, 91. ஆனால் மாலையில் அம்மாவுக்கு இலை வெட்டிக் கொடுப்பதை ஆண்டில் முப்பது நாளுக்கு மேல் செய்திருப்பதால் துணை வேலையாக 21 விழும். வாரக் கணக்கில் விதி இன்னும் கடுமை: ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர்.

இந்த ஒரு மணி நேரத்தைப் பலர் ஏமாற்று வேலை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1982இல் ஜெனீவாவில் கூடிய தொழிலாளர் புள்ளியியலாளர்கள் மாநாடு வகுத்த அளவுகோல் இது. பல நாடுகள் இதைத்தான் பின்பற்றுகின்றன. சின்ன உழைப்பும் விட்டுப்போகக் கூடாது என்பது அதன் நோக்கம். ஒரு மணி நேரம் செய்தவரும் ஐம்பது மணி நேரம் செய்தவரும் ஒன்றல்ல என்பது கணக்கெடுப்புக்குத் தெரியும். அதனால்தான் ஏழு நாளுக்கும் நாள்வாரியாக எத்தனை மணி நேரம், இன்னும் வேலை கிடைத்தால் செய்வீர்களா என்றெல்லாம் கேட்கிறோம். அறிக்கையில் அந்த அட்டவணைகள் இருக்கின்றன. அவற்றைப் புரட்டாமல் ஒரே ஒரு விகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சண்டை போடுவதுதான் எனக்கு வருத்தம்.

மூன்றாம் மாதம் போனபோது தந்தை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மழை. வாரம் முழுவதும் கட்டுமான வேலை எதுவும் நடக்கவில்லை. தினமும் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு போய் நின்று, ஆள் எடுக்காமல் திரும்பியிருக்கிறார். வாரக் கணக்கில் அவர் 81, வேலை தேடுபவர். முதல் மாதம் நான் எழுதிய ஆண்டுக் கணக்கிலோ அவர் வேலையில் இருப்பவர். இரண்டும் உண்மை. 2023-24 ஆண்டறிக்கையில் வேலையின்மை 3.2 சதவீதம், 2025 மே 15 அன்று முதன்முதலாக வெளியான மாத அறிக்கையில் ஏப்ரல் மாதத்துக்கு 5.1 சதவீதம். வேலையின்மை எகிறிவிட்டது என்று பலர் பேசினார்கள். முதலாவது ஆண்டுக் கண்ணாடி, இரண்டாவது வாரக் கண்ணாடி. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஏற்றம் இறக்கம் பேசவே கூடாது.

பெண்கள் கணக்கும் அப்படித்தான். பதினைந்தும் அதற்கு மேலும் வயதுள்ள பெண்களில் உழைப்பவரும் வேலை தேடுபவரும் சேர்ந்த விகிதம் 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7. புதிதாக வேலை வந்ததா, முன்பு விட்டுப்போனவர்களை இப்போது எண்ணுகிறோமா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். வாசலில் நின்றவள் என்ற முறையில் இரண்டும் உண்டு என்றே நினைக்கிறேன். எல்லைக்கோடே அப்படிப்பட்டது: சொந்த ஆட்டை மேய்த்தால் அது வேலை, அதே பெண் காட்டிலிருந்து தலைச்சுமையாக விறகு கொண்டுவந்தால் அது வேலையில் சேராது, 93. இட்லி சுட்டு விற்றால் வேலை, வீட்டுக்கு மாவாட்டினால் இல்லை. இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் ஒருத்தி நிற்கிறாள் என்பது, கேட்பவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்கிறாரா, பஸ்ஸுக்கு எழுந்துவிடுகிறாரா என்பதைப் பொறுத்தும் மாறும்.

நான்காம் மாதம். கடைசி முறை. முதல் மூன்று முறையும் மகளுக்கும் சேர்த்து அம்மாதான் பதில் சொன்னார்: “அவள் படிக்கிறாள், எப்போதாவது கை கொடுப்பாள்.” இம்முறை மகளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து டேப்லெட் திரையை எட்டிப் பார்த்தாள்.

“என் பெயருக்கு நேரே நானே சொல்கிறேன் அக்கா.”

ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிப் போனோம். நேற்று இரண்டு மணி நேரம். முந்தாநாள் கல்லூரித் தேர்வு, ஒன்றுமில்லை. சனிக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல், அதனால் ஐந்து மணி நேரம், கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவள்தான்.

“வெள்ளிக்கிழமை?”

“வெட்டவில்லை. ஆனால் மறுநாளைக்கு இலை ஊறப்போட்டேன். கட்டைப் பிரித்து, கிழிந்ததைக் கழித்து, நனைத்து, சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். அதெல்லாம் சேருமா?”

“எவ்வளவு நேரம் ஆனது?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுற்றிய பீடியைச் சுளகில் போட்டுவிட்டு, “ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், எழுதிக்கொள் தாயி” என்றார். 1 என்று எழுதினேன்.