இரண்டு பகரங்கள்

ஓர் ஐரோப்பிய நகரத்தில் ஒலிப்பதிவுத் தொகுப்புகளைத் தயாரித்து விற்கும் சிறு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தபோது, ஆங்கிலத்தில் பாடும் மெய்ந்நிகர் பாடகி ஒருத்தியை உருவாக்கும் பணியில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்தேன். ஒன்பது மாதத்தில் முடிந்துவிடும் என்று சொல்லித் தொடங்கிய வேலை அது. நிறுவனத்தின் பெயரும் குரல் கொடுத்தவரின் பெயரும் இங்கே வேண்டாம். நடந்த பிழைகளில் பெரியது ஒன்று என்னுடையது என்பதால் அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

யமஹா நிறுவனம் பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது வோகலாய்டு மென்பொருள். மெட்டையும் பாடல் வரியையும் கணினியில் எழுதிக் கொடுத்தால், மனிதக் குரலிலிருந்து முன்பே வெட்டி வைத்த ஒலித்துண்டுகளை ஒட்டி அது பாடிக் காட்டும். 2004இல் வெளிவந்த முதல் குரல்களான லியோனும் லோலாவும் ஆங்கிலக் குரல்கள்தாம். ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது, 2007 ஆகஸ்ட் 31 அன்று சப்போரோவின் கிரிப்டன் நிறுவனம் ஹட்சுனே மிகுவை வெளியிட்ட பிறகுதான். பதினாறு வயது, 158 செ.மீ. உயரம், நீலப்பச்சைக் கூந்தல் என்று ஓர் உருவத்தை மட்டும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ரசிகர்களின் கற்பனைக்கு விட்டார்கள். அதன்பின் இத்தொழிலில் இருந்த எவருக்கும் குரலைவிடப் படம் முக்கியமாகத் தெரியத் தொடங்கியது.

எங்களிடமும் முதலில் முடிந்தது படம்தான். படத்தோடு வெளியீட்டு மாதமும் அறிவிக்கப்பட்டு, இரண்டே வாரத்தில் ரசிகர்கள் அவளை வெவ்வேறு உடைகளில் வரைந்து அனுப்பத் தொடங்கியபோது, குரல் கொடுக்கப்போகிறவருடன் ஒப்பந்தம்கூடக் கையெழுத்தாகியிருக்கவில்லை. பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் சூட்டு விழா நடந்துவிட்டது. பின்னால் வந்த தொல்லைகளுக்கு மென்பொருளையும் மொழியையும் பாடகியின் தொண்டையையும் காரணம் காட்டினோம். எனக்கு அந்த அறிவிப்புத் தேதிதான் காரணமாகப் படுகிறது.

இத்தகைய குரலுக்குப் பாட்டுப் பாடிப் பதிவு செய்வதில்லை. ஓர் ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்கு நாக்கு நகரும் ஒவ்வொரு இணையும் வேண்டும். ஜப்பானிய மொழிக்கு ஒரு சுருதிக்கு ஏறத்தாழ 500 இணைகள் போதும். ஐந்தே உயிரொலிகள், அசைகள் பெரும்பாலும் உயிரில் முடிபவை. ஆங்கிலத்துக்கு ஏறத்தாழ 2,500 தேவைப்படும். அதையும் கீழ், நடு, மேல் என்று மூன்று சுருதிகளில் எடுக்கத் திட்டமிட்டிருந்தோம். கூடத்துக்கு வாடகை கட்டிய நாட்களோ நான்கு.

அந்தப் பெண் காதில் ஒரே சுரமும் தாளத் தட்டும் ஒலிக்க, திரையில் ஓடும் பொருளற்ற அசைகளை ஒரே சத்தத்தில், கமகமோ உணர்ச்சியோ கலக்காமல் மணிக்கணக்கில் பாடினார். நல்ல பாடகர் யாருக்கும் இது தண்டனைதான். மூன்றாம் நாள் காலையில் அவருக்குச் சளி பிடித்திருந்தது. வெந்நீர்க் குடுவையோடு வந்து, "பரவாயில்லை, பாடிவிடுகிறேன்" என்றார். கூடத்து வாடகையை எண்ணிக்கொண்டிருந்த நாங்களும் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டோம். மேல் சுருதி முழுவதும் அந்தத் தொண்டையிலிருந்துதான் வந்தது. பின்னர் ஒட்டிப் பார்த்தபோது, மெட்டு மேலே ஏறும் இடத்தில் வேறொரு பெண், அதுவும் மூக்கடைத்த பெண், நடுவில் புகுந்து பாடுவதுபோல் கேட்டது.

பதிவான எடுப்புகளில் எதை ஏற்பது, எதை ஒதுக்குவது என்று தேர்ந்து, ஒலி தொடங்கி முடியும் எல்லைகளைக் குறிப்பது என் வேலை. நான் தேர்ச்சியுள்ளவன் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. ஆங்கிலத்தில் உயிருக்கு முன் வரும் லகரத்துக்கும் பின் வரும் லகரத்துக்கும் மென்பொருளின் ஒலிப்பட்டியல் தனித்தனிக் குறி கொடுத்திருந்தது. உடன் வேலை செய்த ஆங்கிலேயர்களுக்கே அந்த வேறுபாடு சட்டென்று பிடிபடவில்லை; ல, ள, ழ என்று மூன்றையும் வைத்துக்கொண்டு வளர்ந்த என் காதுக்கு அது உடனே கேட்டது. அந்தப் பெருமையில்தான் பகரத்தில் சறுக்கினேன்.

ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் பகரம் வந்தால் உதடு பிரிந்ததும் ஒரு மூச்சு வெளியேறி, 50, 60 மில்லி வினாடி கழித்துத்தான் உயிரொலி தொடங்கும். சகரத்தை ஒட்டி வரும் பகரத்தில் அந்த மூச்சு இராது. பட்டியலில் இவை இரண்டு வேறு ஒலிகள். நமக்கோ பம்பரம் என்ற சொல்லில் இரண்டு வகைப் பகரம் ஒலித்தாலும் எழுத்து ஒன்றுதான். மூச்சு கலந்த பகரம் நம் பேச்சில் கணக்கிலேயே இல்லை. அலைவடிவத்தில் அந்த மூச்சைப் பார்த்தபோதெல்லாம், காற்று ஒலிவாங்கியில் மோதிய இரைச்சல் என்று முடிவு கட்டி அந்த எடுப்பை ஒதுக்கினேன். களைப்பில் அவர் மூச்சு விடாமல் பாடிய எடுப்புகள் திரையில் துப்புரவாகத் தெரிந்தன, அவற்றையே தேர்ந்தெடுத்தேன். மூன்று வாரம், இரவும் பகலும், மிகுந்த கவனத்துடன் தவறானதையே பொறுக்கிக்கொண்டிருந்தேன். வட்டில் இடம் போதாததால், ஒதுக்கியவற்றை அழித்தும் விட்டோம்.

சோதனைப் பதிப்பு போன மறுநாள் மறுமொழி வந்தது. ஆங்கிலேயர் காதில் மூச்சில்லாத பகரம் பம்பரத்தின் இரண்டாம் பகரமாகவே விழும். பேரிக்காயைக் குறிக்கும் சொல்லைத் தட்டினால் பாடகி கரடி என்று பாடுகிறாள் என்று சோதித்தவர் எழுதியிருந்தார். அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று மாலை என் குறிப்பேட்டை எடுத்து எண்ணிப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

மறுபதிவு செய்யலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். 2007 டிசம்பரில் வந்த ககமினே ரின், லென் குரல்களுக்கே கிரிப்டன் மறுபதிவு செய்து, 2008 ஜூலையில் புதுப் பதிப்பு வெளியிட்டது என்று எடுத்துக்காட்டினேன். அவர்களிடம் மிகு விற்ற பணம் இருந்தது என்று மேலாளர் பதில் சொன்னார். அதிலும் நியாயம் இருந்தது. ஒருவழியாக எட்டு மாதம் கழித்து ஒரே ஒரு நாள் கிடைத்தது. பாடகி வந்தார், சிரித்த முகமாகவே பாடினார். ஆனால் முன்பு ஒலிவாங்கியை எவ்வளவு தூரத்தில் வைத்திருந்தோம் என்று யாரும் குறித்து வைக்கவில்லை, இடைப்பட்ட மாதங்களில் அவர் குரலும் சற்றுத் தடித்திருந்தது. புதுத் துண்டுகளில் பாதி, பழைய குரலோடு ஒட்டவே மறுத்தன. மேல் சுருதியை முற்றிலும் கைவிட்டு, பகரங்களில் சிலவற்றை மட்டும் திருத்தி, அறிவித்த நாளுக்கு ஓராண்டுக்கு மேல் பிந்தி வெளியிட்டோம்.

விற்பனையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. வெளியான சில மாதங்களில், பெயர் தெரியாத ஒருவர் அவளை வைத்துச் செய்த மெதுவான பாடல் ஒன்றைத் திட்டக் கோப்போடு சேர்த்துப் பகிர்ந்திருந்தார். பகரத்தில் தொடங்கும் சொற்கள் அதில் பிசகில்லாமல் ஒலித்தன. எப்படி என்று கோப்பைத் திறந்து பார்த்தேன். அப்படிப்பட்ட ஒவ்வொரு சொல்லிலும் பகரத்துக்கும் உயிருக்கும் இடையே, கண்ணுக்கே தெரியாத அளவு குறுகிய ஒரு சுரத்தைச் செருகி, அதில் வெறும் ஹகர ஒலியை எழுதி வைத்திருந்தார். நான் குப்பை என்று அழித்த மூச்சை, அவர் ஒவ்வொன்றாகக் கையால் திருப்பி வைத்திருந்தார். அந்தப் பாட்டில் மட்டும் அப்படி நாற்பத்தொரு இடங்கள் இருந்தன.