1984-85 வெரோனா: குலுக்கலில் விழுந்த பட்டம் இல்லை

இத்தாலியின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான சீரி ஏ வரலாற்றில் ஹெல்லாஸ் வெரோனா ஒரே ஒரு முறைதான் பட்டம் வென்றிருக்கிறது. அது 1984-85 சீசன். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு பதில் தயாராக வந்து நிற்கும்: அந்த வருஷம் மட்டும்தான் நடுவர்களை முழுக்க முழுக்கக் குலுக்கல் போட்டு எடுத்தார்கள், பெரிய அணிகளுக்குச் சாதகம் கிடைக்கவில்லை, அதனால் சின்ன அணி ஜெயித்துவிட்டது. குலுக்கல் நடந்தது உண்மைதான். ஆனால் பட்டம் முழுவதையும் அதன் கணக்கில் எழுதுவது அந்த அணிக்குச் செய்கிற அநியாயம். புள்ளிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாலே அது புரியும்.

முதலில் அன்றைய விதிகள். இன்றைய கண்ணோடு அந்தப் பட்டியலைப் படித்தால் பாதி விஷயம் தப்பிப் போகும். மொத்தம் 16 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 30 ஆட்டங்கள், ஆக 240 ஆட்டங்கள். வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. கடைசி மூன்று அணிகள் இரண்டாம் நிலை லீக்கான சீரி பி-க்கு இறங்க வேண்டும். ஓர் அணியில் இரண்டு வெளிநாட்டு வீரர்கள்தான் இருக்கலாம். ஓர் ஆட்டத்தில் இரண்டு பேரைத்தான் மாற்றலாம். சக வீரர் பின்னால் தட்டிவிடும் பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுத்துக்கொள்ளலாம். அதைத் தடுக்கும் விதி 1992-இல்தான் வந்தது. தாக்கும் வீரர் டிஃபென்டருக்கு நேர்க்கோட்டில் நின்றாலும் ஆஃப்சைட், அதாவது விதிமீறிய முன்நிலை. அது 1990-இல்தான் மாறியது. இவை எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும்? ஒரு கோல் முன்னிலை எடுத்த அணி கதவை இழுத்துச் சாத்திக்கொள்ள முடியும். முன்னிலையைப் பறிகொடுக்காத அணிக்குத்தான் அந்த லீக் பரிசு கொடுத்தது.

கடைசிப் பட்டியல் இப்படி முடிந்தது. வெரோனா 43 புள்ளி: 15 வெற்றி, 13 டிரா, 2 தோல்வி, அடித்தது 42, வாங்கியது 19. டோரினோ 39, இன்டர் 38, சாம்ப்டோரியா 37, மிலானும் யுவென்டஸும் தலா 36. இறங்கியவை அஸ்கோலி, லாட்ஸியோ, கிரெமோனேசே.

பதின்மூன்று டிராவைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வரும்: இரண்டு புள்ளி முறை இருந்ததால்தானே தப்பித்தார்கள்? போட்டுப் பார்க்கலாம். இன்றைய முறைப்படி வெற்றிக்கு 3 கொடுத்தால் வெரோனாவுக்கு 45-உம் 13-உம் சேர்ந்து 58. டோரினோ 14 வெற்றி, 11 டிரா, அதற்கு 53. இன்டர் 13 வெற்றி, 12 டிரா; 51. முன்பு நான்கு புள்ளியாக இருந்த இடைவெளி ஐந்தாகிறது. இந்த மூன்று அணிகளில் அதிக டிரா செய்தது வெரோனா, அதிகம் ஜெயித்ததும் வெரோனாதான்.

அந்தக் காலத்து இத்தாலியப் பத்திரிகைகள் பட்டியலின் ஓரத்தில் இன்னொரு எண்ணும் போடுவார்கள். மேதியா இங்லேசே என்று பெயர். சொந்த மைதானத்தில் எல்லாம் ஜெயித்து, வெளியூரில் எல்லாம் டிரா செய்கிற அணியை அளவுகோலாக வைத்துக்கொள்வார்கள். சொந்த மைதான வெற்றிக்கும் வெளியூர் டிராவுக்கும் பூஜ்யம். வெளியூரில் ஜெயித்தால் ஒன்று கூட்டு. சொந்த மைதானத்தில் டிரா செய்தால் ஒன்று கழி, தோற்றால் இரண்டு கழி. வெளியூரில் தோற்றால் ஒன்று கழி. முழு சீசனுக்கு 15 முறை 2, 15 முறை 1 என்று 45 புள்ளி எடுத்தால் கணக்கு சரியாகப் பூஜ்யத்தில் நிற்கும். வெரோனா முடித்தது கழித்தல் 2-இல், டோரினோ கழித்தல் 6-இல். சீசன் நடுவே யார் உண்மையில் முன்னால் இருக்கிறார்கள் என்று பார்க்க இது அருமையான கருவி. சிலர் சொந்த மைதானத்தில் கூடுதலாக ஆடியிருப்பார்கள், சிலர் வெளியூரில். புள்ளியை மட்டும் பார்த்தால் அந்த வித்தியாசம் தெரியாது, இதில் தெரியும்.

இனி ஆட்களுக்கு வருவோம். பயிற்சியாளர் ஓஸ்வால்டோ பான்யோலி 1981-இல் வந்தபோது வெரோனா சீரி பி-யில் இருந்தது. முதல் சீசனிலேயே மேலே ஏற்றினார். அடுத்த சீசனில் நான்காம் இடம், அதற்கடுத்து ஆறாம் இடம். அந்த இரண்டு வருஷமும் இத்தாலியக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போனார்கள். 1983-இல் யுவென்டஸை வெரோனாவில் 2-0 என்று ஜெயித்துவிட்டு, யுவென்டஸின் ஊரான டூரினில் கூடுதல் நேரத்தில் 3-0 என்று தோற்றார்கள். 1984-இல் ரோமாவிடம் இழந்தார்கள். குலுக்கல் வாதத்துக்கு என் முதல் பதில் இதுதான். நடுவர்களை வழக்கமான முறையில் நியமித்த இரண்டு சீசன்களிலும் இவர்கள் மேலே இருந்தவர்கள்தான்.

1984 கோடையில் இரண்டு வெளிநாட்டு இடங்களையும் புதிதாக நிரப்பினார்கள். கைசர்ஸ்லாட்டர்னிலிருந்து ஹான்ஸ் பீட்டர் பிரீகல், பெல்ஜியத்தின் லோகரனிலிருந்து டென்மார்க்கின் பிரெபன் எல்க்யேர். மற்ற அணிகள் யாரை வைத்திருந்தன என்று பாருங்கள். நாப்போலியில் மரடோனா, யுவென்டஸில் பிளாட்டினி, பொனியெக், உதினேசேயில் சீக்கோ, ஃபியோரென்டினாவில் சோக்ரடீஸ், இன்டரில் ருமெனிகே, ரோமாவில் ஃபல்காவ், சாம்ப்டோரியாவில் சூனஸ். இத்தனை பேருக்கு நடுவே வெரோனாவின் இருவரைத் தலைப்புச் செய்தி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஃபல்காவுக்கு முழங்கால் காயம், சீசனின் பெரும்பகுதி போயிற்று. சீக்கோவும் ஏறக்குறைய பாதி சீசன் வெளியே. சோக்ரடீஸ் அந்த லீக்கோடு ஒட்டவே இல்லை. இரண்டே வெளிநாட்டவர் என்ற விதியில், ஒருவர் படுத்துவிட்டால் அணியின் பாதி பலம் படுத்த மாதிரி. வெரோனாவின் இருவரும் சீசன் முழுக்கத் தோள் கொடுத்தார்கள்.

அணி அமைப்பைப் பார்ப்போம். கோலில் கிளாடியோ காரெல்லா. கையைவிடக் காலால் அதிகம் தடுக்கிறவர் என்றே பெயர் வாங்கியவர். பார்க்க அழகாக இருக்காது, பந்து உள்ளே போகாது. டிஃபென்ஸின் கடைசி ஆள், யாரையும் ஒட்டிக்கொள்ளாமல் பின்னால் சுதந்திரமாக நிற்கும் லிபெரோவாக, கேப்டன் ராபர்ட்டோ ட்ரிசெல்லா. அவருக்கு முன்னால் எதிரணி சென்டர் ஃபார்வர்டை ஒட்டிக்கொள்ள ஃபோன்டோலான். வலப்பக்கம் ஃபெர்ரோனி, அவரும் ஒரு ஆளைப் பிடித்துக்கொள்கிறவர். இடப்பக்கம் லூச்சியானோ மராங்கோன் மட்டும் மேலே ஓடுவார். நடுவில் அழுக்கு வேலைக்கு வோல்பாட்டி, பந்தைப் பிரித்துக் கொடுக்க டி ஜென்னாரோ, வலது ஓரத்தில் ஃபான்னா. முன்னால் கால்டெரிசியும் எல்க்யேரும். ஃபான்னா, கால்டெரிசி, மராங்கோன் மூவரும் முன்பு யுவென்டஸ் பனியன் போட்டவர்கள்; அங்கே இடம் கிடைக்காமல் வந்தவர்கள்.

பிரீகல் விஷயத்தில்தான் பான்யோலியின் புத்தி தெரிகிறது. ஜெர்மனியில் அவரை எல்லோரும் பார்த்தது லெஃப்ட் பேக்காக, அதாவது இடப்பக்க டிஃபென்டராக. இளமையில் டெக்கத்லான் என்ற பத்து அம்சத் தடகளப் போட்டி செய்த உடம்பு. அந்த உடம்பை ஓரத்தில் வைத்து வீணாக்காமல் நடுவில் போட்டார். எதிரணியின் முக்கிய ஆளைப் பிடிக்க வேண்டும், பந்து கிடைத்ததும் அதே வேகத்தில் எதிர்ப்பக்கப் பெனால்டி பெட்டிக்குள் போக வேண்டும். ஆளைப் பிடிக்கிறவர் ஓட ஆரம்பித்தால், பிடிபட்டவர் திரும்பிப் பின்தொடர வேண்டும் அல்லது விட்டுவிட வேண்டும். கலைஞர் வகை வீரர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பிரீகல் அந்த லீக்கில் 9 கோல் அடித்ததற்குக் காரணம் இதுதான். கால்டெரிசி 11, எல்க்யேர் 8. அணியின் 42 கோலில் 28 இந்த மூவருடையது. லீக்கின் அதிக கோல்காரர் பிளாட்டினி, 18. அவருடைய யுவென்டஸ் வெரோனாவைவிட அதிக கோல் அடித்தும் முதல் நான்கு இடங்களுக்குள் வர முடியவில்லை.

1984 செப்டம்பர் 16, முதல் சுற்று, வெரோனாவின் பென்டெகோடி மைதானம். எதிரே நாப்போலி, மரடோனாவின் முதல் சீரி ஏ ஆட்டம். பிரீகல் அவரைப் பிடித்துக்கொண்டார், தானும் ஒரு கோல் போட்டார். கால்டெரிசி, டி ஜென்னாரோ ஆளுக்கொன்று. 3-1. சீசன் முழுவதற்குமான செயல்முறை விளக்கம் அந்த ஒரே ஆட்டத்தில் இருக்கிறது.

அக்டோபர் 14, யுவென்டஸ். கால்டெரிசி முதல் கோல். எண்பது நிமிஷம் தாண்டியதும் எல்க்யேர் இடப்பக்கம் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். யுவென்டஸின் பியோலி கால் போட்டுத் தடுக்கப் பார்க்கிறார். எல்க்யேர் தடுமாறுகிறார், விழவில்லை. வலது கால் ஷூ மட்டும் கழன்றுவிட்டது. நடுவர் விசில் ஊதவில்லை. பெட்டிக்குள் டிஃபென்டர் ஃபவேரோவை உள்பக்கமாக வெட்டிக் கடந்து, காலுறை மட்டும் இருந்த அதே வலது காலால் கோல்கீப்பர் டக்கோனியைத் தாண்டி அடித்தார். 2-0. இது எப்படிச் செல்லும் என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. இன்றைய விதியும் தெளிவாகவே இருக்கிறது: தற்செயலாக ஷூ கழன்றால் பந்து அடுத்து ஆட்டத்தை விட்டு வெளியே போவதற்குள் மாட்டிக்கொள்ள வேண்டும், அதற்கு முன் அடித்த கோல் செல்லும். அந்தக் கோலின் அழகு ஷூவில் இல்லை என்பது என் கட்சி. தடுமாறிய பிறகு பந்தைத் தன் முன்னாலேயே வைத்திருந்தாரே, அதைப் பாருங்கள்.

தோல்விகள் இரண்டே. ஜனவரியில், சீசன் முதல் பாதியின் கடைசிச் சுற்றில், அவெல்லினோவில் 2-1. பிறகு சீசனின் இரண்டாம் பாதியில் சொந்த மைதானத்தில் டோரினோவிடம் 2-1. டோரினோவை அவர்கள் ஊரில் முன்பே 2-1 என்று ஜெயித்திருந்ததால் அந்த அடி தாங்கக்கூடியதாக இருந்தது. துரத்தி வருகிறவரை அவர் வீட்டில் தோற்கடித்து வைப்பது எவ்வளவு பெரிய முதலீடு என்பது வசந்த காலத்தில்தான் தெரியும்.

பிப்ரவரியில் உதினேசே ஊரில் நடந்த ஆட்டம் இந்த அணியின் வழக்கத்துக்கே மாறானது. ஆரம்பத்திலேயே 3-0 முன்னிலை, பிறகு 3-3. கதவைச் சாத்தத் தெரிந்த அணிக்குக் கதவே உடைந்துபோன நாள். கோட்டை கட்டி ஒரு புள்ளியோடு திரும்பலாம் என்று நினைக்கிற நேரத்தில் எல்க்யேரும் பிரீகலும் மறுபடி அடித்தார்கள். 5-3. சீசனில் வாங்கிய 19 கோலில் மூன்று இந்த ஒரு ஆட்டத்தில் போனவை.

மே 12, பெர்கமோ. ஒரு சுற்று மிச்சம் இருக்க, அடலாண்டாவிடம் ஒரு புள்ளி போதும். அடலாண்டாதான் முதலில் கோல் போட்டது. இரண்டாம் பாதியில் எல்க்யேர் சமன் செய்தார். 1-1, பட்டம். அடுத்த வாரம் சொந்த மைதானத்தில் அவெல்லினோவை 4-2 என்று ஜெயித்து, ஜனவரிக் கணக்கையும் தீர்த்துக்கொண்டார்கள்.

இப்போது குலுக்கலுக்குத் திரும்புகிறேன். வழக்கமாக ஆட்டத்தின் கனத்தைப் பார்த்து, அதற்குத் தகுந்த நடுவரை நியமன அதிகாரி தேர்ந்தெடுப்பார். அந்த சீசனில் முழுக் குலுக்கல். பெரிய ஆட்டத்துக்கு அனுபவம் குறைந்த நடுவரும் வரலாம். அந்த ஒரு சீசனோடு அந்த முறை முடிந்தது. நியமனத்தில் பெரிய அணிகளுக்குச் சாய்வு இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அது நீங்கினால் பலன் எல்லாச் சின்ன அணிகளுக்கும் கிடைத்திருக்க வேண்டும். அவெல்லினோ, கோமோ, உதினேசே மூன்றும் 25 புள்ளியில் நின்றன. கிரெமோனேசே 15-இல் இறங்கிப் போனது. வெரோனாவுக்கு அடுத்த ஐந்து இடங்களில் இருந்தவை டூரின், மிலான், ஜெனோவா என்ற பெருநகரங்களின் அணிகள். குலுக்கல் தடையை நீக்கியிருக்கலாம். ஓடியது வெரோனாதான், அதுவும் இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த சீசனில் பத்தாம் இடத்துக்கு விழுந்ததையும் குலுக்கல் கட்சிக்காரர்கள் சாட்சியாகக் கொண்டுவருவார்கள். யார் போனார்கள் என்று பார்க்க வேண்டாமா? ஃபான்னாவும் மராங்கோனும் இன்டருக்குப் போனார்கள், காரெல்லா நாப்போலிக்குப் போனார். அதாவது வலது ஓரம், இடது ஓரம், கோல்கீப்பர் மூன்றும் ஒரே கோடையில் காலி. ஐரோப்பியக் கோப்பையில் கிரேக்கத்தின் பாவோக் அணியைத் தாண்டி, இரண்டாம் சுற்றில் யுவென்டஸிடம் வெளியேறினார்கள். 1985 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ரசிகர்கள் பலியான ஹெய்சல் துயரத்துக்குப் பிறகான தண்டனையால் டூரின் ஆட்டம் ஆள் இல்லாத மைதானத்தில் நடந்தது. காரெல்லா 1986-87-இல் மரடோனாவின் நாப்போலிக்காகக் கோலில் நின்று, தன் இரண்டாவது ஸ்குடெட்டோவை (இத்தாலி லீக் பட்டத்தை) வாங்கினார்.