மாலை வகுப்பு: இருபது பிள்ளைகள், ஒரு கூடம், இரண்டு பெரியவர்கள்

தெருவில் மாலை வகுப்பு ஒன்று தொடங்கலாம் என்று யாராவது யோசனை கேட்க வந்தால் பேச்சு நேராகப் பாடத்துக்குத்தான் போகும். என்ன புத்தகம், வாய்ப்பாடு எதுவரை, இங்கிலீஷ் உண்டா? நான் முதலில் கேட்பது கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று. ஒரு பிள்ளை மூன்று விஷயங்களைப் பயமில்லாமல் சொல்ல முடிய வேண்டும்: "ஒண்ணுக்கு வருது", "எனக்குத் தெரியல", "அவங்க என்னைத் தொட்டாங்க". முதலாவதைச் சொல்லக் கூசுகிற பிள்ளை மூன்றாவதை நிச்சயம் சொல்லாது. ஆறு முதல் பத்து வயது வரை உள்ள இருபது பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். அதற்கு மேல் வந்தால் இரண்டாவது வகுப்புத்தான் வேண்டும், பெரிய கூடம் அல்ல.

இடம் தேடும்போது பரப்பளவைப் பார்க்கும் முன்பு தெருவைப் பாருங்கள். ஊர்த்தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் தொடங்கினால் காலனிப் பிள்ளைகள் வர மாட்டார்கள். "யாரும் தடுக்கலையே, அவங்கதான் வரல" என்று அதற்கு ஒரு விளக்கமும் தயாராக இருக்கும். கோயில் மண்டபத்திலும் இதே சிக்கல்தான். எல்லோரும் கேள்வியின்றி நுழையும் இடம் என்றால் பள்ளி வராந்தா, நூலகம், பஞ்சாயத்துக் கட்டடம். குடிதண்ணீர் ஒரே பானையில், நீளக் கைப்பிடிக் கரண்டியோடு. எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர். வருகைப் பதிவேட்டில் பெயர், வயது, பெற்றோர் எண் போதும். சாதிக்கு ஒரு கட்டம் வேண்டியதே இல்லை. 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கைக்கயிற்றைத் தடை செய்யச் சொன்னதோடு வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்கவும் சொன்னது. மாலை வகுப்புக்கு அதைவிட எளிய வழி கிடையாது. அவரவர் விருப்பத்துக்கு உட்காரச் சொன்னால் இரண்டே நாளில் தெரு வாரியாகப் பிரிந்து உட்கார்ந்திருப்பார்கள்.

கட்டடத்தைப் பார்க்க அரை மணி நேரம் போதும். கீற்றுக் கொட்டகை, தார்ப்பாய்ப் பந்தல் வேண்டவே வேண்டாம். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கொட்டகையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். வெளியேற வழி குறுகலாக இருந்தது. கூடத்துக்கு இரண்டு வாசல் இருக்க வேண்டும், வகுப்பு நடக்கும்போது இரண்டிலும் பூட்டுத் தொங்கக் கூடாது. பலரும் கவனிக்காதது செருப்பு. இருபது ஜோடி வாசலிலேயே குவிந்து கிடந்தால் கலவரத்தில் முதல் பிள்ளை அதில்தான் தடுக்கி விழும். வாசலை விட்டு நான்கடி தள்ளிச் சுவரோரம் ஒரு கோடு போட்டால் தீர்ந்தது. செப்டிக் டேங்க் மூடியையும் தண்ணீர்த் தொட்டி மூடியையும் காலால் தட்டிப் பாருங்கள். துருப்பிடித்த தகரம் என்றால் சிமெண்ட் மூடி மாற்றும்வரை அந்த இடம் சரிப்படாது. மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று பார்த்து, மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழுந்தால் சரி. டேபிள் ஃபேன் வயர் நடைபாதையில் ஓடக் கூடாது.

கழிப்பறைக்கு இன்னும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். உள்தாழ்ப்பாள் பெரியவர் உயரத்தில், இறுகலாக இருக்கும். ஒரு பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்டு கத்தினால் அந்த வாரம் முழுக்க வேறு யாரும் போக மாட்டார்கள். மேல் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு மூன்றடி உயரத்தில் லேசாக நகரும் ஒன்றைப் பொருத்துங்கள். வெளியிலிருந்து நாணயம் வைத்துத் திறக்கிற மாதிரி கிடைத்தால் இன்னும் நல்லது. பெரிய வாளியைச் சின்னக் கை தூக்காது. ஐந்து லிட்டர் வாளியும் ஒரு மக்கும் போதும். விளக்கின் ஸ்விட்ச் வெளியே, எட்டும் உயரத்தில். கழுவும் வேலைக்குக் கூலி கொடுத்து ஆள் வையுங்கள், இல்லையென்றால் நடத்துகிறவர்களே செய்யுங்கள். பிள்ளைகளிடம் விடவே கூடாது. அந்த விளக்குமாறு எந்தப் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேரும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

போவதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. கதவருகே ஆணியில் கயிறு கட்டிய மரக்கட்டை இரண்டு தொங்கட்டும். ஒன்றை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவது, வந்து மாட்டுவது, அவ்வளவுதான். பத்து நிமிடமாகியும் கட்டை திரும்பவில்லையென்றால் ஒருவர் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். முதல் வாரம் எல்லோரும் மாறி மாறிப் போவார்கள், அது வேடிக்கைக்கு. இங்கேதான் பலர் பொறுமையிழந்து கட்டையைப் பிடுங்கிவிடுகிறார்கள். விட்டுவிட்டால் இரண்டாவது வாரம் தானாக அடங்கிவிடும். கேட்டுத்தான் போக வேண்டும் என்ற இடத்தில் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். அதிலிருந்து சிறுநீர்த் தொற்று, தலைவலி, "இந்தப் புள்ளைக்குக் கவனமே இல்ல" என்ற புகார்.

வகுப்பில் பிள்ளைகளை 'ப' எழுத்துப் போல உட்கார வைப்பது சரியா தவறா என்று 2025இல் நிறையப் பேசினார்கள். சின்னக் கூடத்தில் ப வடிவம் கழுத்துக்குக் கேடு என்பதே என் கணக்கு. சம்மணமிட்ட பிள்ளைக்கு இரண்டடி அகலம் வேண்டும். 16க்கு 14 அடி அறையில் இருபது பேரை ப போல உட்கார வைத்தால் அந்த எழுத்தின் இரு கால்களின் நுனியில் இருப்பவர்கள் பலகைக்குப் பக்கவாட்டில், எழுத்தைச் சரிவாகப் பார்ப்பார்கள். முன்னால் எட்டுப் பேர், பின்னால் பன்னிரண்டு பேர் என்று இரண்டு பிறை வரிசை போதும், பலகைக்கும் முன்வரிசைக்கும் இடையே ஐந்தடி விட்டு. ஓரத்தில் இருப்பவர்களை வாரம் ஒருமுறை நடுவுக்கு மாற்றுங்கள். பலகையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டடியில் இருந்தால் ஏழு வயதுப் பிள்ளையும் எழுதலாம். எழுதும் நேரத்தில் நான்கு பேர் கொண்ட வட்டங்களாகக் கலைந்துவிடலாம்.

பள்ளி விட்டு வரும் பிள்ளை பசியோடு வரும். ஆறரைக்கு வருகிற சண்டையில் பாதி பசியால் வருவது. இருபது பேருக்கு அரைக் கிலோ கொண்டைக்கடலை, முதல் நாள் இரவே ஊறப்போட்டு, வந்ததும் சுண்டலாகக் கொடுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளை உண்டா என்று சேர்க்கும்போதே வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இனி "தெரியல". கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடிகூடப் பொறுக்காமல் அடுத்த பிள்ளைக்குத் தாவுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர், ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீள்வதையும், பேசாத பிள்ளைகள் பேசத் தொடங்குவதையும் 1970களிலேயே காட்டினார். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். கை தூக்கச் சொல்லாதீர்கள், அதே ஐந்து கைகள்தான் எழும். ஆளுக்கொரு சிலேட்டு கொடுத்து, எல்லோரும் எழுதி, "காட்டு" என்றதும் ஒரே நேரத்தில் உயர்த்தட்டும். யாருக்கு எங்கே தடுமாற்றம் என்பது ஒரே பார்வையில் உங்களுக்குத் தெரியும், பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது. 52இலிருந்து 27 கழித்து 35 என்று ஆறு சிலேட்டில் வந்தால், ஒன்றாம் இடத்தில் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறார்கள். கடன் வாங்குவதைக் குச்சிக் கட்டு வைத்து மறுபடி காட்ட வேண்டும். யார் சிலேட்டையும் தூக்கிக் காட்டித் திருத்தாதீர்கள்.

எழுத்துக் கூட்டியே படிக்கிற பிள்ளையை எழுப்பி எல்லோர் முன்னும் வாசிக்க வைப்பது கொடுமை. முதலில் எல்லோரும் சேர்ந்து, பிறகு ஜோடியாக, கடைசியில் அந்தப் பிள்ளை உங்கள் பக்கத்தில் மட்டும். "வாளப்பளம்" என்று வாசித்தால் "ஆமா, வாழைப்பழம்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த சொல்லுக்குப் போய்விடுங்கள்.

குழு பிரிப்பதில் ஒரு எச்சரிக்கை. தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளுக்குப் பெயர். பெயர் அழகுதான், ஆனால் அரும்பு என்றால் கடைசி என்பதைப் பிள்ளைகள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். நிலைக் குழு வாசிப்புக்கு மட்டும், தினம் அரை மணி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்துக் கலைத்து அடுக்குங்கள். மற்ற நேரமெல்லாம் கலந்துதான். 'ஸ்லோ லேர்னர்' என்ற சொல் பதிவேட்டில்கூட வரக் கூடாது.

முதல் நாளே ஒரு அப்பா வந்து, "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு மீதி தோல உரிச்சிடுங்க" என்பார். பாசத்தில்தான் சொல்கிறார். "இங்க அடிக்கிறதில்லண்ணா, பையன் ரெண்டு நாள் வரலன்னா மட்டும் உங்களுக்கு போன் பண்ணுவோம்" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளிகளில் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடுக்கிறது. நமக்கும் அதுவே அளவு. தோப்புக்கரணம், முட்டி போடுவது, "மாடு மேய்க்கத்தான் லாயக்கு" எல்லாம் இதில் அடங்கும். சேட்டை செய்கிறவன் அருகே போய் நில்லுங்கள், பாதி அடங்கிவிடும். அடங்காவிட்டால் காதருகே பெயர் சொல்லி ஒரு வேலை கொடுங்கள். அடித்துக்கொண்டால் பிரித்து உட்கார வைத்து, வகுப்பு முடிந்தபின் தனித்தனியாகக் கேளுங்கள். "யார் முதல்ல அடிச்சது" என்று எல்லோர் முன்னும் விசாரித்தால் அது பஞ்சாயத்தாகிவிடும்.

யாரோ தொட்டதாக ஒரு பிள்ளை சொன்னால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், செய்யக் கூடாததுதான் அதிகம். கேளுங்கள். "சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், உங்களால் காப்பாற்ற முடியாது. "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்காதீர்கள். நான்கு பேர் மாறி மாறிக் கேட்டால் பிள்ளை குழம்பி வார்த்தை மாறும், பிறகு அந்த மாற்றமே பிள்ளைக்கு எதிராகத் திரும்பும். பிள்ளையின் சொற்களையே தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். சந்தேகப்படுபவரைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி விஷயம் தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. "பொண்ணு பேரு கெட்டுடும், பேசி முடிச்சுக்கலாம்" என்று ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். பிள்ளையின் பெயர் எங்கும் வெளிவரக் கூடாது என்பதையும் அதே சட்டம்தான் சொல்கிறது என்பதை அவர்களிடம் சொல்லுங்கள்.

இதனால்தான் எப்போதும் இரண்டு பெரியவர்கள். மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் இருக்கும் நிலை எந்தக் காரணத்துக்கும் வரக் கூடாது. பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்க வைப்பதுகூடத் திறந்த கதவருகேதான். பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அந்த மாதங்களில் நேரத்தை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குத் தெரு வாரியாகச் சேர்ந்து போகட்டும், யார் யாரோடு போகிறார்கள் என்பது பதிவேட்டில் இருக்கட்டும். இரண்டாவது ஆள் வர முடியாத நாளில் வகுப்பு கிடையாது. அதை மதியத்துக்குள் பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் ஐந்து மணிக்குப் பூட்டிய கதவு முன்னால் பிள்ளைகள் தனியாக நிற்பார்கள்.